அடித்தேய்மானம் பார்க்கும் ஜோசியர்

ஆம்பூரில் பிரியாணிக் கடையைவிட நீண்ட வரிசை ஒன்று நின்றது. அதன் வால் வாணியம்பாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

வேலூரில் மராத்தான் என்று அறிவித்த மறுநாளே ஷூ ஜோசியர் கோதண்டம் கடை விரித்துவிட்டார். பழைய ஷூவை நீட்டினால் போதும். சோல் தேய்ந்திருப்பதைப் பார்த்து, அவரவர் தகுதிக்கேற்ற ஓட்டப் பயிற்சித் திட்டம் சொல்வார். ஊரே ஷூ தைத்துப் பிழைக்கிறது. சோல் பேசும் என்றால் நம்பாமல் இருக்குமா? இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் செருப்பும் கையுமாக நின்றார்கள். அப்படியொரு ஒற்றுமை.

விந்தை, எல்லோருக்கும் முழு மராத்தான் திட்டம்தான். இரண்டு படி ஏறினாலே உட்கார்ந்துவிடும் அக்தரி பேகத்துக்கும் அதுவே. ஷூவுக்குள் போடும் மந்திரித்த இன்சோல் முழு மராத்தான்காரர்களுக்கு மட்டும்தான் விற்கப்படும் என்பதை நான் சொல்லவே இல்லை.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் காஷிஃபும் ஒன்று வாங்கினான். அதுவரை அவன் ஓடியதெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால்தான். முதல் நாளே இருபது கிலோமீட்டர். முழங்கால் பன் மாதிரி வீங்கியது. இன்னொரு தடவை இப்படி ஓடினால் கால் போய்விடும் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை முப்பது ஓடு என்றார் ஜோசியர்.

"போவாதடா," என்றாள் அக்கா சஹர். ஷூ கம்பெனியில், ஷூவைச் சோதித்துப் பார்க்கும் லேபில் வேலை செய்பவள்.

"சோல்ல இருக்குதாம் ஆபா. ஓடியே ஆவணும்."

சனிக்கிழமை சஹர் தேய்ந்த ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு, நொண்டும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

கோதண்டம் ஷூவைப் புரட்டினார். கண்ணை மூடினார். "ஆம்பள. மலையேறி வளர்ந்த காலு. இடது குதிகால்ல சனி. மொதல் கொழந்த பொண்ணு. முழு மராத்தான்."

"கொழந்தைக்கு இன்னா பேரு வைக்கலாம், ஜோசியரே?"

"அமைதியான பேரா வைம்மா."

"வச்சுடலாம். இது எங்க லேப் மெஷின்ல மாட்டி, மடக்கித் தேச்சுப் பாத்த ஷூ. மனுஷன் காலு இதுக்குள்ள போனதே இல்ல."

கோதண்டம் அசரவில்லை. "மெஷினுக்கும் ராசி உண்டும்மா."

நாலு பேர் தலையாட்டவும் செய்தார்கள். காஷிஃப் ஆட்டவில்லை. இன்சோலை உருவி மேஜைமேல் வைத்தான்.

"எனக்கும் மெஷினுக்கும் ஒரே திட்டமா, ஜோசியரே?"

வரிசையில் முதலில் சிரித்தது அக்தரி பேகம். பிறகு வரிசையே இல்லை.

"அப்ப நான் எந்தத் திட்டம் எடுக்கிறது ஆபா?"

"மூச்சு வாங்காம, பேசிக்கினே எவ்ளோ தூரம் ஓடுவ?"

"டீக்கடை வரைக்கும்."

"முட்டி ஆறட்டும். டீக்கடையிலேருந்து ஆரம்பி. வாரா வாரம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக்கோ."

அன்று மாலை கோதண்டம் ஒரு பயிற்சியும் இல்லாமல் பேரணாம்பட்டு வரை ஓடினார். ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லையாம்.

அங்கே அவரிடம் ஷூவை நீட்டக் காத்திருப்பவர்களே, தலையையும் கொண்டுபோங்கள். இன்னும் புதுசாகவே இருக்கிறது, கொஞ்சம் தேயட்டும்.