தேவதை கடித்த வாத்து

அந்தப் பனிக்காலத்தில் எங்கள் லெய்டன் நகரில் பொய் சொல்ல ஆளில்லை. அம்ப்ரோசியஸ் என்ற மகான் கொண்டுவந்து பட்டுக்கயிற்றில் தொங்கவிட்ட இரும்புத் தேவதைதான் காரணம். அதன் விரலைத் தொட்டால் குற்றவாளிக்குச் சுளீரென்று கடி. யோக்கியருக்கு மெல்லிய முத்தம். பேராசிரியர் முதல் பீப்பாய் செய்பவர் வரை வரிசையில் நின்றார்கள். மழைநாளில் மட்டும் தரிசனம் கிடையாது. தேவதைக்குச் சளி பிடிக்குமாம்.

காணிக்கை வைத்தவர்கள் பிசின் பலகைமேல் விரித்த மெத்தையில் ஏறி நின்று தொட்டார்கள். மற்றவர்கள் ஊர் வழக்கப்படி மரச்செருப்பை வாசலில் விட்டு, கழுவிக் கழுவி ஈரம் காயாத கல்தரையில் நின்றார்கள். கடியெல்லாம் இவர்களுக்கே. சுத்தமும் ஒரு பாவம் போலும்.

மாக்டெல்ட் சீமாட்டியின் வெள்ளிக் கரண்டி காணாமல் போனது. பணிப்பெண் ஆல்ட்யேயைத் தேவதைமுன் நிறுத்தினார்கள். கடித்தால் சிறை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் மீன்கடை யாக்கோமினா. கக்கத்தில், மார்ட்டின் திருநாளுக்கு வாங்கிய வாத்து. அதைத் தரையில் விட்டு, தேவதையின் விரல்பக்கம் விரட்டினாள். அலகு பட்டது, பொறி பறந்தது, வாத்து ஊரைக் கூட்டியது.

"கரண்டிய இதுதான் முழுங்கியிருக்கு. வயித்தக் கீறிப் பாத்துருவோமா சாமி?"

"விளையாடாதம்மா. தேவதை கோவிச்சுக்கும்" என்றார் அம்ப்ரோசியஸ்.

"சரி, மனுசரையே வைப்போம். எசமானியம்மா, நேத்து மெத்தையில நின்னுதானே முத்தம் வாங்கினீங்க? இப்பத் தரையில நில்லுங்க. ஆல்ட்யே, நீ மெத்தையில ஏறு."

"நான் எதுக்குடி தரையில நிக்கணும்?"

"யோக்கியருக்குத் தரை என்ன, மெத்தை என்ன?"

கூட்டம் சிரித்தது. மாக்டெல்ட் விரலை நீட்டினாள். அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். ஆல்ட்யேயும் பயந்து பயந்து தொட்டாள்.

"லேசாக் கூசுதுக்கா, அவ்வளவுதான்."

யாக்கோமினா தேவதைக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுத்தாள். உள்ளே ஒரு தடியன், சுழலும் கண்ணாடி உருண்டையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து தேவதைக்கு ஒரு கம்பி.

"கை எரியுதுங்க. நிறுத்திக்கலாமா?" என்றான்.

"அம்பர் மணியக் கம்பளியில தேச்சா வைக்கோல் ஒட்டுதே, அதே சங்கதிதான். தேச்சுச் சேத்தது இரும்புல ஏறி நிக்குது. ஈரத்தரையில நின்னா நம்ம உடம்பு வழியா இறங்கிப் பாயுது. பிசின் பலகை வழிய அடைச்சிருது. மழைநாள்ல காத்தே ஈரம், சேருறதுக்குள்ள ஒழுகிரும், அதான் சளி. இதுல பாவம் எங்க வந்துச்சு?" என்றாள் யாக்கோமினா.

ஆல்ட்யே மரச்செருப்பை மாட்டிக்கொண்டு எசமானிக்கு முன்னால் நடந்தாள். கரண்டி, எசமானி கால் குளிர்காயும் கணப்புப் பெட்டிச் சாம்பலில் கிடைத்தது.

அம்ப்ரோசியஸ் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறாராம். அங்கே வாத்து உண்டோ இல்லையோ. கண்ணாடியைத் தேய்த்தால் பொறி பிறக்கும் என்று தெரிந்துகொண்டோம். மூளையையும் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கலாம். அதற்கு மழைநாளும் தடையில்லை.