பின்பக்கம் நூறு கிலோ

இந்த வருஷம் பலாப்பழம் சுமப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

முடிவெடுத்த இடம் குளியலறை. அறிவித்தது கண்ணாடியிடம். வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, விண்ணப்பம்.

நான் கோபிநாத். புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. எனக்குக் கீழே பதினோரு பேர். அங்கே நான் இருமினால் பதினோரு பேரும் ஃபைலைத் திறப்பார்கள். வீட்டில் இருமினால், "அங்கிட்டு திரும்பி இருமுங்க" என்பாள் பிரகதீஸ்வரி. அவள் என் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபது வருஷமாக எங்கள் வீட்டுக் கணக்கில் நான்தான் கழித்தல்.

அவள் பிறந்த வீடு வடகாட்டுப் பக்கம். வீட்டைச் சுற்றிப் பலாத்தோப்பு. வைகாசி பிறந்தால் போச்சு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கார் லாரியாகிவிடும். டிக்கியில் ஆறு பழம், பின் சீட்டில் எட்டு, காலடியில் நாலு. நடுவில் இடுக்கிக்கொண்டு என் மாமியார் செவந்தி. அவர் மடியில் ஒன்று. வீடு வந்து சேர்ந்ததும் அத்தனையையும் இறக்கி, எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து, தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்கிறவர்கள் எல்லாரும் "டீச்சர் வீட்டுப் பழம்" என்பார்கள். சுமந்தவன் பெயரைச் சொல்ல நாதியில்லை.

போன புதன்கிழமை ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது காரின் பின்னாலிருந்து 'டொக்கு டொக்கு' என்று ஒரு சத்தம். நேரே ஆலங்குடி ரோட்டில் ஜைனுதீன் பாய் ஷெட்டுக்கு விட்டேன். பாய் துபாயில் பதினெட்டு வருஷம் மெக்கானிக். வேலையில் கெட்டி. வாயில் அதைவிடக் கெட்டி, ஒரு பொய் வராது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வாங்க சார். இந்த ஷாக் அப்சர்பரப் பாருங்க. ஆயில் ஒழுகிப் புழுதி அப்பிக் கெடக்கு. ரெண்டும் போச்சு. இந்தா, இது புஷ்ஷு. ரப்பர் கிழிஞ்சு தொங்குது. அப்படி என்னத்த சார் ஏத்துனீங்க?"

"பலாப்பழம்."

"எத்தன?"

"பத்து வருசமா."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு நா வேலதான் சார். சாமான் டவுன்லயே கெடைக்கும். மாத்திருவோமா?"

"மாத்தாம ஓட்டலாமா பாய்?"

"முன்னாடி ரெண்டு பேரு உக்காந்துக்கிட்டு மெதுவாப் போலாம். பின்னாடி லோடு ஏத்தக் கூடாது. ரொம்ப ரொம்பப் போனா நூறு கிலோ."

எனக்கு அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் விட்டுவிட்டேன்.

"அத அப்படியே எழுதிக் குடுங்க பாய். ரிப்பேர ஆடி மாசம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

"ஆடி வரைக்கும் ஏன் சார் போட்டு வக்கணும்?"

"அப்பத்தான் பலா முடியும்."

"நான் பொய்யெல்லாம் எழுத மாட்டேன் சார்."

"உண்மையத்தான் எழுதப் போறீங்க. நூறுங்கறத மட்டும் சைபராக்குங்க."

"நூறுன்னா நூறுதான் சார்."

சரி, நூறே இருக்கட்டும். மாமியார் மட்டும் எழுபத்தைந்து கிலோ. மிச்சம் இருபத்தைந்தில் ரெண்டு பழம் வரும். ரெண்டு பழத்தை மனுஷன் தாங்கலாம்.

எழுத்தில் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. இருபத்தாறு வருஷ ஆபீஸ் பழக்கம். காகிதம் வேண்டும், கையெழுத்து வேண்டும், ரவுண்டு சீல் வேண்டும். ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்து வரைவை நானே எழுதினேன்.

'மேற்படி வாகனத்தின் பின்பக்க சஸ்பென்ஷன் பழுதுற்றிருப்பதால், மறு உத்தரவு வரும்வரை, பின்பக்கத்தில் ஆட்கள், சாமான்கள், பழங்கள் அனைத்தும் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது எனச் சான்றளிக்கப்படுகிறது.'

'ஆட்கள்' என்று போட்டேன் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது என் சர்வீஸ். மாமியாரை ஒரே சொல்லில் எடை போட்டு உள்ளே வைத்துவிட்டேன். பாய் ரெண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீலையும் குத்தினார்.

கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பிரகதீஸ்வரி பால் எடுக்க வந்தவள் நின்று படித்தாள். விடைத்தாள் திருத்துகிற மாதிரியே படித்தாள்.

"என்னங்க இது?"

"சர்டிபிகேட். வண்டி பின்னாடி சுத்தமா போச்சாம்."

"யாரு எழுதுனது?"

"பாய்."

"பாய் 'மறு உத்தரவு'ன்னெல்லாம் எழுதுவாரா?"

"வெளிநாட்டுல இருந்தவரு. எல்லாம் பழகியிருப்பாரு."

"சாமான் மாத்துனாச் சரியாப் போயிருமே?"

"சாமான் கெடைக்கணும்ல. ஆடி ஆயிரும்."

இன்னொரு தடவை படித்தாள். "சரிங்க. நூறு கிலோன்னா நூறு கிலோ."

அவ்வளவுதான். சண்டை இல்லை, முறைப்பு இல்லை, எங்க அம்மா என்ன நினைக்கும் என்ற கேள்வி இல்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒரு 'சரிங்க' நான் கேட்டதில்லை. விவரமுள்ளவன் அப்போதே பயந்திருப்பான். நான் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஆடிட் வேலை. பைக்கில் போய்விட்டு இருட்டித்தான் வந்தேன். ஞாயிறு காலையில் பேப்பர் எடுக்க வெளியே வந்தால் கார் இல்லை.

"பிரகதி, வண்டியக் காணோம்."

"ஷெட்டுல நிக்கிது. நேத்து நான்தான் கொண்டுபோயி விட்டேன்."

"நீயா? நீ ஓட்டுனியா?"

"லைசென்ஸ் எடுத்து நாலு வருசமாச்சு. நீங்கதான் சாவியக் கண்ணுல காட்ட மாட்டீங்க. நேத்து ஆணியிலயே தொங்குச்சு."

"பாய் எப்படி ஒத்துக்கிட்டாரு? நான் ஆடின்னு சொல்லியிருந்தேனே."

"அதையும் சொன்னாரு. 'டீச்சர், சாமான் டவுன்லயே கெடைக்கிது, சார் எதுக்கோ பலா முடியட்டும்னு சொன்னாரு'ன்னாரு. அவரு மக ஆஃபியா என் கிளாஸ்தாங்க. கெளம்புங்க, வண்டி ரெடியாயிருக்கும்."

பாய்க்குப் பொய் வராது என்பதை நான் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் யோசித்திருக்கிறேன்.

ஷெட்டுக்குப் போனோம். அவருக்கு லீவு வெள்ளிக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை கடை உண்டு. காரின் அடியில் புது ஷாக் அப்சர்பர் ரெண்டும் கன்னங்கரேல் என்று மின்னின.

"பாய், அந்தக் கடுதாசி இனிமே செல்லாதோ?" என்று மெல்லக் கேட்டேன்.

பாய் வாயைத் திறப்பதற்குள் பிரகதீஸ்வரி சொன்னாள்: "ஏங்க செல்லாது? மறு உத்தரவு வரலைல? நூறு கிலோ நூறு கிலோதான்."

என் கட்சியில் அவளே சேர்ந்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு டீச்சர்" என்றார் பாய். "இந்தப் புஷ் போல்ட்டச் சக்கரம் அந்தரத்துல தொங்கயில முடுக்கக் கூடாது. தரையில நிக்கணும், பின்னாடி வெயிட்டு இருக்கணும். இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு ரெண்டே மாசத்துல கிழிஞ்சிரும். முடுக்குனப்பறம் அதே வெயிட்டோட ஒரு அறுபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொருக்க பாத்துருவோம்."

"வெயிட்டு எவ்வளவுண்ணே?"

"சார் கடுதாசியில போட்ட நூறு இருந்தாப் போதும்."

"எங்க அம்மா வீட்டுக்குப் போக வர அறுபதுதான்" என்றாள் பிரகதீஸ்வரி, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆஹா, இதுதான் திட்டமா என்று எனக்குப் புரிந்துபோனது. போவது போவதுதான், தடுக்க முடியாது. ஆனால் பின்பக்கத்தை நானே நிரப்பிவிட்டால்? என் எடை எண்பத்திரண்டு. மிச்சம் பதினெட்டு. அதில் ஒரு பழம் வரும். மாமியார் வர வழியே இல்லை. கணக்கு டீச்சரைக் கணக்கிலேயே மடக்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"நான் உக்காருறேன் வெயிட்டா" என்று பின் சீட்டில் ஏறிவிட்டேன்.

பிரகதீஸ்வரி பின் கதவைச் சாத்தினாள். "சரிங்க" என்றாள்.

பாய் பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்து நூறாக்கினார். ஸ்பேனரோடு அடியில் போனார். "சார், ஆடாம உக்காருங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரியும் நானும் ஆடாமல் உட்கார்ந்திருந்தோம். முடுக்கி முடித்ததும், ஓட்டத்துக்கு சார் மட்டும் போதும் என்று பேட்டரியை இறக்கிக்கொண்டார். என்னை யாரும் இறக்கவில்லை. பிரகதீஸ்வரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். என்னைவிட நன்றாக என்று சொன்னால் என் மானம் என்னாவது? அதனால் நன்றாக என்று மட்டும் சொல்கிறேன். ஸ்பீடு பிரேக்கரில் பூ மாதிரி ஏறி இறங்கியது வண்டி, ஒரு டொக்கு இல்லை. நான்தான் பின்னாலிருந்து, "பிரேக்கு, பிரேக்கு, அந்த டிராக்டரப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"வெயிட்டு பேசாதுங்க" என்றாள்.

தோப்பு வாசலில் மாமியார் பட்டுச்சேலையில் நின்றார். பக்கத்தில் துணிப்பை, கட்டி வைத்தது. போன் முந்தியே போயிருக்கிறது. மாமனார் மலையாண்டி, வியாபாரிகளுக்குப் பழம் நிறுக்கிற மேடைத் தராசைத் துடைத்து வைத்திருந்தார்.

"வாங்க மாப்ள. நூறு கிலோவாமுல்ல? எழுதியே குடுத்துட்டீங்களாம்?" என்றார் மாமியார்.

"ஆமாங்கத்த. நான் எண்பத்திரெண்டு. ஒரே ஒரு பழம் வாங்கிக்கிறேன்" என்றேன், மனசில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மாமனார் ஒவ்வொரு பழமாகத் தராசில் வைத்துச் சொல்லச் சொல்ல, பிரகதீஸ்வரி கூட்டிக்கொண்டே வந்தாள். பதினாலு. இருபத்தாறரை. நாப்பத்தொண்ணு. ஏழாவது பழம் டிக்கியில் ஏறியபோது, "தொண்ணூத்தொம்பதே முக்கால். போதும்ப்பா" என்றாள். பிறகு முன் கதவைத் திறந்தாள். "ஏறும்மா."

முன்னாடி.

சான்றிதழ் முழுக்கப் பின்பக்கம் என்றுதான் எழுதியிருக்கிறேன். முன் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஓட்டையை என் கீழே இருப்பவன் எவனாவது விட்டிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

"நான் எங்க உக்கார்றது?"

"நீங்க எப்படிங்க? நூறு ஆயிருச்சே."

"வரயில நான்தானே பின்னாடி உக்காந்து வந்தேன்?"

"வரயில நீங்க வெயிட்டு. போகயில பழம் வெயிட்டு. பாய் அண்ணனுக்கு வெயிட்டு இருந்தாச் சரி, ஆளா பழமான்னு அவரு கேக்கல. நீங்களும் அப்படித்தானே எழுதியிருக்கீங்க? ஆட்கள், சாமான்கள், பழங்கள் அனைத்தும் சேர்த்து."

"அடி, ஷாக் அப்சர்பர் புதுசுடி. முந்நூறு கூடத் தாங்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பிரகதீஸ்வரி கைப்பையைத் திறந்தாள். ஃபிரிட்ஜில் இருந்த சான்றிதழும் ஒரு சிவப்புப் பேனாவும் வந்தன.

"அப்ப மறு உத்தரவு போடுங்க. 'எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நீங்களும் ஏறிக்கலாம். அந்தா நிக்கிற பத்துப் பழமும் ஏறிக்கும்."

பத்துப் பழத்தையும் பார்த்தேன். பேனாவையும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் இந்த ஞாயிறு மட்டுமில்லை, ஆயுசு முழுக்க ஞாயிறு போச்சு. போடாவிட்டால் இந்த ஒரு நாளோடு போகும். அரசு ஊழியன் மானஸ்தன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"பஸ்ஸுல வாரேன்."

"எழுதுனா எழுதுன மாதிரி நடக்குறாரு பாரு, அதுதான் மாப்ள" என்று மாமியார் கண் கலங்கினார். அதோடு விட்டிருக்கலாம். ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தனியா எதுக்குப் போறீங்க, இத வச்சுக்கங்க. பஸ்ஸுக்குத்தான் சர்டிபிகேட்டு எதும் இல்லைல?"

பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. அதன் சஸ்பென்ஷனைப் பற்றி நான் சான்றளிக்க விரும்பவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் ஒரு சாண் எழும்பினேன், பழம் ஒரு சாண் எழும்பியது, இறங்கும்போது பழம் முந்திக்கொண்டது. பதிமூன்று கிலோ முள், மடியில்.

ஆலங்குடி தாண்டியதும் போன் அடித்தது.

"என்னங்க, சீட்டு கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு."

"பாய் அண்ணன் வண்டியப் பாத்துட்டாரு. போல்ட்டெல்லாம் அருமையா உக்காந்துருச்சாம். பழம் ஏழும் பத்திரம். பாவம், அங்க இன்னும் ஒம்பது நிக்கிதுல்ல? அதுக்கு ஒண்ணும் கவலையில்லங்க. கடுதாசிய மீற வேணாம், வாரா வாரம் நூறு நூறாவே கொண்டாந்துருவோம். கண்டக்டர்கிட்ட அந்த பஸ்ஸு ஞாயித்துக்கெழமையில எத்தன மணிக்குன்னு கேட்டு வச்சுக்கங்க."

கேட்டு வைத்துக்கொண்டேன். ரெண்டே முக்காலாம்.