ஸ்டேஷன் மாஸ்டரின் அட்டைக் கம்பெனி

திருப்பூரில் பொய் அளவு சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர்தான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் அரை இஞ்ச் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவன் தொழில் செய்ததில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாஸ்டர் ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரில்லை. தண்டவாளத்தை ஒட்டி நின்ற எங்கள் மூன்று மாடிப் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேல்மாடியில் துணி அடுக்கின் மேல் குனிந்தபடியே, வெளியே கேட்கும் சத்தத்தை வைத்து, "கோயமுத்தூர் வண்டிங்க, பதினோரு நிமிஷம் லேட்டு" என்பார். தன்னால்தான் லேட் ஆனதுபோல முகம் வாடிவிடும். டெய்லர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில்கூட 'ஸ்டேஷன்' என்றுதான் எழுதியிருந்தது. அதை எழுதியவன் நான்தான். ஆபீஸ் கிளார்க்.

ஒரு வருஷம், எங்களிடம் சரக்கு வாங்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் முதலாளியின் மகனுக்குப் பொம்மை ரயில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். தண்டவாளம், இன்ஜின், நாலு பெட்டி. ஒரே வாரத்தில் பையன் அதைப் பெரிய விபத்துக்கு உள்ளாக்கிவிட்டான். "குப்பையில போட்டுருங்க மாஸ்டர்" என்று முதலாளி கொடுத்தார். மாஸ்டர் அதை வேட்டியில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், தையல் மிஷின் எண்ணெய் விட்டு, மூன்று மாதத்தில் ஓடவைத்துவிட்டார்.

லைன் வீடு, ஒரே அறை, ஒரே கட்டில். கட்டிலின் மேல் பலகை போட்டு ரயில் ஓடியது. நான் ஒரு முறை போயிருந்தபோது அவர் மனைவி சொன்னார்: "உக்காருங்க சார். கட்டிலு ரயிலுக்குப் போயிருச்சு. நானும் புள்ளையும் பிளாட்பாரத்துலதானுங்க படுக்கறோம்."

மாஸ்டருக்குக் கவலை வேறு. ரயிலுக்குப் பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர். "வண்டி ஊரே இல்லாத ஊருல போவுதுங்க சார். பின்னால ஒரு கட்டடமாவது வேணுமுங்க."

எந்தக் கட்டடம்? எங்கள் கம்பெனியேதான். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் இஞ்ச் டேப்போடு மொட்டை மாடியிலிருந்து தொங்க ஆரம்பித்தார். பக்கத்துக் கம்பெனிக்காரர் எங்கள் முதலாளிக்கு போன் போட்டு, "கட்டடத்தை விக்கறீங்களாமா? என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்று வருத்தப்பட்டார்.

சுவருக்குப் பனியன் பெட்டி அட்டை. கண்ணாடிக்குப் பாலிதீன் கவர். கைப்பிடிக் கம்பிக்கு உடைந்த நிட்டிங் ஊசி. ஜன்னல்களை ஒவ்வொன்றாக வெட்டுவது கட்டிங் மாஸ்டருக்கு இழுக்கல்லவா? அட்டைகளைத் துணிபோல அடுக்கி ஒரே வெட்டு. ஒரு ஜன்னல் கோணினால் பதினாறும் கோணும். கோணியது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நெசத்துலயும் கோணலாத்தானுங்க இருக்குது. கட்டுன மேஸ்திரியும் நம்மளாட்டத்தான்" என்று திருப்திப்பட்டார்.

முதல் சுவர் கட்டிலை விட்டு இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கணக்கு சரி, அளவு சரி, எப்படி நீண்டது? ஒரு நாள் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தார். பனியன் துணி துவைத்தால் சுருங்கும்; அதற்காகக் கொஞ்சம் கூட்டி வெட்டுவார்கள். சுருக்கத்துக்கு விடுவது என்று பெயர். மாஸ்டர் அட்டைக்கும் விட்டிருந்தார்.

"அட்டையை யாரு மாஸ்டர் துவைக்கப்போறாங்க?"

"பழக்கமுங்க சார். சுருக்கத்துக்கு விடாம வெட்டவே வர மாட்டேங்குது."

இன்னொரு விஷயம். அவர் செய்தது கம்பெனியின் பின்பக்கம். ரயிலில் போகிறவனுக்குத் தெரிவது அதுதானே? சாயக்கறை வழிந்த சுவர், கக்கூஸ் ஜன்னல், இரும்பு மாடிப்படி எல்லாம் இருந்தன. அந்தப் படிக்கு மூன்றாவது மாடியில் ஒரு கம்பிக் கதவு. அதில் ஒரு பூட்டு. சரக்கு அந்த வழியாக வெளியே போய்விடக்கூடாது என்று பகல் முழுக்கப் பூட்டியிருக்கும். அதற்கு முந்தைய மாதம்தான் அயர்ன் பாக்ஸ் சூடு பட்டு, கழிவுத்துணி புகைந்து, மேல்மாடியில் இருந்த அறுபது பேரும் அந்தக் கதவுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். புகை தானாக அடங்கியது, பூட்டு மட்டும் திறக்கவில்லை. அறுபதில் மாஸ்டரும் ஒருவர். அட்டைக் கதவில் கடுகளவு தகரப்பூட்டு ஒன்றைச் செய்து மாட்டினார். சாவித் துவாரம்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கார அம்மாவிடமிருந்து கடிதம். வருகிறாராம், ரயில் பையனுக்குப் பிடித்திருக்கிறதா என்று விசாரிப்பு வேறு. கடிதத்தை நான் படித்துச் சொன்னதும் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அன்றே ரயில், தண்டவாளம், அட்டைக் கட்டடம் எல்லாம் ஆட்டோவில் சாம்பிள் ரூமுக்கு வந்து சேர்ந்தன.

"முன்பக்கத்தைப் பண்ணக்கூடாதுங்களா மாஸ்டர்? போர்டு கீர்டெல்லாம் தெரியுமல்லங்க?"

"ரயில்ல இருந்து பாத்தா போர்டு தெரியாதுங்க மொதலாளி."

அந்த அம்மா வந்தார். ரயில் ஓடியது. குழந்தைபோலக் கைதட்டினார். குனிந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். பிறகு விரல் நுனியால் மூன்றாவது மாடிக் கதவைத் தொட்டு, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். நான் மாஸ்டரிடம் கேட்டேன்.

"பூட்டுங்க."

நிஜத்திலும் இருக்கிறதா என்றார் அந்த அம்மா.

"காலைல எட்டு மணிக்குப் போட்டா வேலை முடிஞ்சுதானுங்க தொறப்பாங்க. இல்லாததை நான் எதுக்குங்க வெக்கப்போறேன்?"

முதலாளி என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் என் அப்பா, மகன் இங்கிலீஷ் டைப் அடிப்பதைப் பார்க்க ஒரு முறை வந்தபோது, செருப்பைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்படிப்பட்ட படிப்பு. அந்தப் படிப்பை வைத்து நான் சொன்னேன்: "மேடம், நிஜக் கட்டடத்தில் பூட்டு கிடையாது. இவருக்குக் கொஞ்சம் ரயில் பைத்தியம். கற்பனையில் சேர்த்துவிட்டார்." ஒரு பிழை இல்லாத இங்கிலீஷ். அந்த அம்மா சிரித்து, மாஸ்டர் தோளில் தட்டினார். மாடி ஏறிப் பார்க்கவில்லை.

கார் கிளம்பியதும் மாஸ்டர் கேட்டார். "என்ன சார் சொன்னீங்க?"

"நிஜத்துல பூட்டு இல்லைன்னு சொன்னேன், மாஸ்டர்."

"இல்லீங்களா?"

"இல்லை."

அட்டைக் கட்டடத்தின் முன் குனிந்தார். "அப்ப நான் பண்ணுனதுதானுங்க தப்பு" என்று நகத்தால் தகரப்பூட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மூன்றாவது மாடியில் கிறீச் கிறீச் என்று சத்தம். ஓடிப் பார்த்தால், மாஸ்டர் ஹாக்ஸா பிளேடால் நிஜப்பூட்டை அறுத்து முடித்திருந்தார். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"யாரைக் கேட்டுங்க அறுத்தீங்க?" என்று முதலாளி மூச்சிரைத்தார்.

"சார்தானுங்க நெசத்துல பூட்டு இல்லைன்னு சொன்னாரு. படிச்சவரு வாக்குங்க. அட்டையில எடுத்துட்டேன். இங்க மட்டும் இருந்தா அளவு ஒத்து வருமுங்களா?"

அவர் முகத்தில் கிண்டல் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருக்கிறது.

"மாஸ்டர், நாளைலருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார் முதலாளி. எங்கள் ஊர் மரியாதை அது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' சேர்த்துத்தான் தள்ளும். கூடவே, "அந்த ரயிலையும் எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். கட்டடம் மட்டும் சாம்பிள் ரூம் கண்ணாடி அலமாரிக்குப் போனது, வெள்ளைக்கார அம்மா பாராட்டியதல்லவா? மத்தியானத்துக்குள் கம்பிக் கதவில் புதுப் பூட்டு, முன்னதைவிடப் பெரியது. நான் கீழே உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு நன்றிக் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தமிழில் பேசியிருந்தாலே போதும்.

ஒரு வருஷம் கழித்து, சோமனூர்ப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் அவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். அவர் மனைவி, "வாங்க சார், பிளாட்பாரத்துல உக்காருங்க" என்றார், ஒன்றும் நடக்காததுபோல. மாஸ்டர் சுவிட்சைப் போட்டார். ரயில் வந்தது. பின்னால் எங்கள் கம்பெனி. மறுபடியும் முதலிலிருந்து செய்திருந்தார், அளவெடுக்காமல், ஞாபகத்திலிருந்து. கோணல் பதினாறும் அப்படியே.

மூன்றாவது மாடிக் கதவு மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில் அட்டையில் வெட்டிய ஓர் ஆள், சட்டைப்பையில் பேனாவோடு.

"யாரு மாஸ்டர் இது?"

"நீங்கதானுங்க சார். கதவைத் தொறந்து புடிச்சுட்டு நிக்கறீங்க."

குனிந்து பார்த்துவிட்டு, "ஆளு கதவைவிட உசரமா இருக்கறேனே, மாஸ்டர்?" என்றேன்.

"சுருக்கத்துக்கு விட்டதுங்க" என்றார்.

பொய் அளவு தெரியாத அந்த மனிதர் வாழ்க்கையில் வெட்டிய ஒரே பொய் அளவு நான்தான். இத்தனை வருஷத் துவைப்பில் எவ்வளவு சுருங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். சுருக்கத்துக்கென்று அவர் எனக்குக் கூட்டி விட்டதில் கொஞ்சமாவது இன்னும் மிச்சம் இருக்க வேண்டும்.