மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு நான் எடுத்த சமூகவியல்

நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: எனக்குச் சம்பந்தமே இல்லாத வகுப்பு.

அப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். (ஆய்வு என்றால், ஒரே அத்தியாயத்தைப் பதினொரு முறை திருத்துவது.) மேற்பார்வையாளர் ஒவ்வொரு முறையும் ஓரத்தில், "இதில் உங்கள் குரல் எங்கே?" என்று எழுதி அனுப்புவார். எனக்கும் அதே சந்தேகம்தான். அதனால் முதலாண்டு மாணவர்களுக்கு டுட்டோரியல் எடுக்கச் சொன்னதும், அக்காவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி கிள்ளானிலிருந்து கிளம்பினேன்.

அன்றைக்குப் பார்த்து ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, பஸ் பிடித்து, கொசுவத்தைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். முதல் மாடி, பன்னிரண்டாம் எண் அறை. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது 'பி' கட்டடமா 'சி' கட்டடமா என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை.

"குட் மார்னிங்" என்றேன். மூச்சு வாங்கியதில் தும்மல் போலக் கேட்டது. மனப்பாடம் செய்தது மொத்தமும் மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல், பதில் தெரியாத கேள்வி ஆளுக்கொன்று சொல்லச் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஊர் தெலுக் பங்லிமா காராங்.

"எங்கப்பா ஓட்டுற லோரி பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குது மிஸ். அப்பா சொன்னா முதலாளி நம்பமாட்றாரு. இதெல்லாம் கேள்வியா லா?"

"இதுதான் கேள்வி!" என்று கத்திவிட்டேன். (வகுப்பு ஆங்கிலத்தில்தான். உற்சாகத்தில் நாங்கள் இருவரும் எங்கள் மலேசிய 'லா' போட்ட தமிழுக்குத் தாவியதை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.) ஓட்டுபவர் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள், யார் சொன்னால் நம்புகிறார்கள் என்று பலகை கொள்ளாமல் எழுதினேன். ஆளாளுக்குச் சண்டை போட்டார்கள். அத்தியாயம் முழுக்கத் தேடியும் கிடைக்காத என் குரல் வராந்தாவரை கேட்டிருக்கும்.

நாற்பதாவது நிமிடம் கதவு திறந்தது. மடிக்கணினியோடு ஒருவர் நின்றார். என்னைப் பார்த்தார், பட்டுச் சேலையைப் பார்த்தார்.

"சாரி, என் கார் நின்னுபோச்சு. இது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வகுப்பு. நீங்க...?"

பூமி பிளக்கவில்லை. நானே நடந்துதான் வெளியேற வேண்டியிருந்தது. பின்னாலேயே அந்தப் பெண் என் பையைக் கொண்டுவந்தாள்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா பேசிக்கிட்டு இருந்தீங்க மிஸ். நிறுத்த மனசு வரல."

எதிர்க் கட்டடத்தில் என் உண்மையான மாணவர்கள் காத்திருந்து, அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பருவம் டுட்டோரியலை வேறொருவருக்குக் கொடுத்து, எனக்குத் திருத்த ஒரு கட்டு விடைத்தாள் கொடுத்தார்கள்.

பிறகு சரியான அறைகளில் சரியான மாணவர்களுக்கு நிறைய வகுப்பு எடுத்தேன். யாரும் அப்படிச் சண்டை போடவில்லை. பட்டம் வந்தது, விரிவுரையாளர் வேலை வரவில்லை. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிறேன். கூட்ட அறையில் வெள்ளைப் பலகையைக் கண்டால் கை தானாக மார்க்கரைத் தேடுகிறது.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அக்கா இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்:

"அந்தப் பிள்ளைங்க நல்லா கவனிச்சாங்களாம்மா?"

"கவனிச்சாங்கப்பா."

"அப்புறம் என்ன லா" என்று சோற்றைப் பிசையத் தொடங்குவார்.