வரிக்கு வரி நின்ற நாவல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரின் வலது கண்ணும் சௌக்கியம். ஆபரேஷன் ஆன இடது கண்ணுக்கு இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமாயிருக்க வேண்டும்.

கட்டு அவிழும்வரை எந்தக் கண்ணாலும் படிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், இவள் பாதியில் விட்ட துப்பறியும் நாவலை நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பினீர்கள், கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும் என்று. வாசித்தது. ஆனால் புத்தகத்தில் வரி முடிகிற இடத்திலெல்லாம் யாரோ என்டர் தட்டி வைத்தாற்போல் இருந்ததால், அங்கங்கே நின்று மூச்சு வாங்கியது. "மருமகள் மாமியாரைக் கொன்று" என்று நிற்கும். இவள் "சரி, ஒருத்தி போயாச்சு" என்பாள். "விடுவாள் போலப் பார்த்தாள்" என்று தொடரும். நோயாளியை இப்படிப் படுத்தலாமா என்று நானே உட்கார்ந்து வரி வரியாக டெலீட் தட்டினேன். இடைவெளி விட மறந்ததில் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு நாக்குக் குழறியது. பிறகு ரீப்ளேஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்து எல்லா என்டரையும் ஒரே அடியாகத் தூக்கினால், மொத்த நாவலும் ஒரே பாராவாகி, இன்ஸ்பெக்டர் கேட்பதும் கொலைகாரன் சொல்வதும் கலந்து, விட்டால் இன்ஸ்பெக்டரே உள்ளே போயிருப்பார். அப்புறம்தான் உங்களுக்கு போன் போட்டேன். நீங்க சொன்னபடியே பழைய காப்பியை எடுத்து, ரெண்டு என்டர் சேர்ந்து வர்ற இடம்தான் பாரா முடிவுன்னு அதுக்கு மட்டும் முதல்ல நட்சத்திரம் போட்டு, மிச்ச ஒத்தை என்டரையெல்லாம் இடைவெளியா மாத்தி, கடைசியில நட்சத்திரத்தை மறுபடி ரெண்டு என்டரா ஆக்கினேன். நாவல் தண்ணி மாதிரி ஓடுச்சு. எனக்குப் பெருமை தாங்கல.

அத்தியாயம் முடிஞ்சதும் இவகிட்ட "நல்லாருக்கா?"ன்னு கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. முன்னே அது நின்னு நின்னு படிக்கிறப்போ நடுவுல நாம பேசிட்டிருந்தோம். நேத்து அப்படித்தான், பார்வை வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு உங்ககிட்ட கேட்டேன். இப்போ கேக்க எங்க விடுது?"

நேத்து அவ கேட்டப்போ கதையில வர்ற யாரையோ சொல்றான்னு நெனச்சு, "அடுத்த அத்தியாயத்துல சரியாயிடும்"னு சொல்லியிருந்தேன் மாப்பிள்ளை. கம்ப்யூட்டரை நிறுத்திட்டுக் கட்டில்ல போய் அவ பக்கத்துல உக்காந்தேன். "வராமப் போனா நான் இருக்கேன், நானே படிச்சுக் காட்டறேன்"னேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சுக்கிட்டே, "உங்க குரலுக்கு அந்த மெஷினே தேவலை"ன்னா.

மற்றபடி, தாங்கள் சொல்லிக் கொடுத்த முறை மிகவும் உபயோகமாக இருந்தது. தங்கள் இருவருக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: திருத்தின நாவலை அழிச்சுட்டேன். பழசுதான் ஓடுது, இவ பேசிட்டிருக்கா. அடுத்த நாவல் அனுப்பறப்போ ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு என்டரா தட்டி அனுப்புங்க.