ஷெட் குடியரசின் முதலும் கடைசியுமான வாக்கெடுப்பு

வேலை வெட்டி இல்லாதவன் நாடு ஆண்டால் ஒன்றும் ஆகாது. வேலைக்குப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாடு ஆண்டால்தான் ஆபத்து. வாரம் முழுக்க மேனேஜரிடம் அடக்கி வைத்த அதிகாரமெல்லாம் அந்த ஒரே நாளில் பீறிட்டு வரும். நான் ஆண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் நாட்டின் பெயர் ஷெட் குடியரசு. புதுச்சேரியில் என் நண்பன் ரவி வீட்டு வாசலில் இருந்த, கார் இல்லாத கார் ஷெட்தான் அது. குடிமக்கள் நான், ரவி, சேகர், பாபு. தேசிய விளையாட்டு கேரம். தேசியக் கொடி சேகரின் கட்டம் போட்ட லுங்கி (துவைத்தது). அரசியல் சாசனம் ஒரே வரி: ‘உள்ளே வந்தவனிடம் கல்யாணம் எப்போது என்று கேட்கக் கூடாது.’ ஜனாதிபதி நான். மற்ற மூவரும் ஆட்டத்தில் மும்முரமாக இருந்தபோது நானே அறிவித்துக்கொண்டேன். யாரும் தலை நிமிர்த்தவில்லை, ஆகவே ஏகமனதான தேர்வு.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பிரான்சில் தேர்தல் என்றால் இங்கேயும் வாக்குச்சாவடி போட்டுவிடுவார்கள். 2005இல் வந்தது ஒரு வாக்கெடுப்பு. ஐரோப்பாவுக்கென்று எழுதிய அரசியல் சாசனம் வேண்டுமா, வேண்டாமா? ‘வுய்’ என்றால் ஆமாம், ‘நோன்’ என்றால் இல்லை.

“எங்கியோ கிடக்கிற நாட்டு எலெக்‌ஷன் ரெண்டு தெரு தள்ளி நடக்குது. நமக்குன்னு ஒரு எலெக்‌ஷன் இல்லியே மச்சான்” என்று சேகர் வருத்தப்பட்டான்.

“நாமளும் வெச்சிடலாம்டா. ஆனா எதுக்கு ஓட்டுப் போடறது?” என்றேன்.

“பிரிஞ்சு போறதுக்கு” என்றான் ரவி. “எங்க அம்மாகிட்டருந்து.”

அவன் துயரம் நியாயமானது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும் நேரத்தில்தான் அவன் அம்மா மாவு மில்லுக்குப் போகச் சொல்வார். பிரிந்துவிட்டால் மாவு மில் கிடையாது. ஆனால் அந்தச் சமையலறையிலிருந்து வரும் டீயும் வெங்காய பஜ்ஜியும் கிடையாது. ரவியும் சேகரும் பிரிவினைவாதிகள். நானும் பாபுவும் பஜ்ஜிவாதிகள்.

விளையாட்டு என்றாலும் முறைப்படி செய்ய வேண்டாமா? ரவி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தவன். வாக்குச்சாவடி என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினான். அங்கே ஓட்டுப்பெட்டி உள்ளே தெரிகிற மாதிரி இருக்கும் என்றான். மீன் செத்துக் காலியாகக் கிடந்த தொட்டியைக் கழுவி வைத்தோம். அவன் அம்மாவின் பழைய புடவை மறைப்பானது. ஓட்டுச் சீட்டைக் கவரில் போடுவது பிரெஞ்சு வழக்கம். அவன் அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைக் கவர்கள் இருந்தன, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியபடி. பிரிய வேண்டும் என்றால் வுய், வேண்டாம் என்றால் நோன் என்று சீட்டு எழுதினோம். உருளைக்கிழங்கில் முத்திரை செதுக்கியவன் நான்.

அந்த வாரம் எனக்குச் சொந்தமாக ஒரு தேர்தலும் இருந்தது. வசந்தி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பிடித்துப் போயிற்று என்று சொன்னால் போதாது. தட்டாஞ்சாவடி கம்பெனியில் மோட்டார் டெஸ்ட் பண்ணும்போது மீட்டரைப் பார்த்து இளித்துக்கொண்டு நிற்கிற நிலைமை. அவளுக்கும் சம்மதம். பாக்கி அவள் அப்பா கோவிந்தசாமி மட்டும்தான். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரான்சிலேயே தங்கிவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தார். பெண் பார்த்த அன்று அவர் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை என்னை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. போட்டோ அனுப்பியிருந்தோம். (ஸ்டூடியோக்காரர் வெளுத்திருந்த வெளுப்பில் என் அம்மாவே “யாருடா இது?” என்று கேட்ட போட்டோ.)

ஞாயிறு சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் ஓட்டுப் போட்டு முடித்து எண்ணப் போகிற நேரம், கோட்டு போட்டு, மார்பில் மெடல் குத்திய பெரியவர் ஒருவர் விறைப்பாக உள்ளே வந்தார்.

“பொன்ழூர்!” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

ரவி யாருக்கோ வேஷம் போட்டுக் கூட்டி வந்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். நான் கூட்டி வந்ததாக அவன் நினைத்தான். “வாங்க முசியே” என்று நானும் பிரெஞ்சு மரியாதையோடு எழுந்து நின்றேன். அவர் கவரை எடுத்து மஞ்சளைத் தடவிப் பார்த்தார்.

“பிரான்சுல இதெல்லாம் கிடையாது. இங்க நம்ம வழக்கத்தையும் சேத்துக்கிட்டாங்களா? நல்ல காரியம்” என்று சொல்லிவிட்டு, வுய் ஒன்று, நோன் ஒன்று என்று இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு புடவைக்குப் பின்னால் போனார். வந்து கவரைத் தொட்டியில் போட்டார். வாக்காளர் அட்டையை நீட்டினார். உருளைக்கிழங்கை மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினேன்.

“ஆ வோத்தே!” என்று கத்தினேன். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். ரவி சொல்லிக் கொடுத்திருந்தான்.

குத்திய பிறகுதான் அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். கோவிந்தசாமி. வசந்தியின் அப்பா. வாயைத் திறப்பதற்குள் ரவியின் அம்மா பஜ்ஜித் தட்டோடு வந்துவிட்டார்.

“ஏன்டா, கேரம் ஆடற எடத்துல இந்தப் பெரியவர இன்னாடா பண்றீங்க? ஐயா, பிரெஞ்சு ஓட்டு ரெண்டு தெரு தள்ளிங்க. இதுங்க வெளாட்டுக்கு வெச்சிருக்குதுங்க.”

பெரியவர் தொட்டியைப் பார்த்தார். லுங்கிக் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நேரத்துல மூடிடுவாங்களே” என்றார். பட்டாளத்துக்காரர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கல்யாணமும் மறந்தது, ஜனாதிபதி பதவியும் மறந்தது. ரவியின் ஸ்கூட்டரை எடுத்தேன். “ஏறுங்க முசியே!”

வழியில் கேட்டார். “எங்க வேலை செய்யற?”

“தட்டாஞ்சாவடிங்க. மோட்டார் கம்பெனி.”

“வெள்ளிக்கிழமை ஒரு பையனப் பாக்கப் போறேன். அவனும் தட்டாஞ்சாவடிதான், மோட்டார் கம்பெனிதான்.”

“அது... நான்தாங்க.”

பின்னால் சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

“ரோட்டப் பாத்து ஓட்டு. முதல்ல ஓட்டு, அப்புறந்தான் மாப்பிள்ள.”

கதவை மூடப் போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவர் ஓடினார், மெடலெல்லாம் கலகலவென்று குலுங்க. நான் வெளியே நின்று வீராம்பட்டினத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து “ஆ வோத்தே” என்று கேட்டது. தெருவென்றும் பார்க்காமல் குதித்தேன்.

அவர் வெளியே வந்து அட்டையைக் காட்டினார். “இது இன்னா முத்திரைன்னு கேட்டாங்க. பக்கத்து நாட்டுதுன்னேன். சிரிச்சிட்டாங்க.” பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். “சரி, வண்டிய எடு. அங்க என் ஓட்டு எண்ணாம கெடக்குது.”

ஷெட்டில் கேரம் ஸ்டூலில் அவரை உட்கார வைத்து எண்ணினோம். இரண்டுக்கு இரண்டு. கடைசிக் கவரைப் பிரித்தேன். வுய்! ஷெட் குடியரசு பிரிந்துவிட்டது. ரவியின் அம்மா பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ரவியே மாவு மில்லுக்கு ஓடினான். எங்கள் சுதந்திரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

பிரான்சில் நோன் ஜெயித்துவிட்டது. வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்க, கோவிந்தசாமி என்னைக் காட்டிச் சொன்னார்: “அவ்ளோ பெரிய நாட்டுல என் ஓட்டு தோத்துப் போச்சு. ஜெயிச்சது இவரு நாட்டுலதான். பொண்ண இங்கதான் குடுக்கணும்.” அந்த நிமிடம் எனக்கு ஐரோப்பாவே வந்து மாலை போட்ட மாதிரி இருந்தது.

இன்றைக்கும் வசந்திக்கும் எனக்கும் சண்டை என்றால் மாமனார் காரணம் கேட்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். “முசியே ஜனாதிபதி, பிரிஞ்சு போறதுன்னா சொல்லிடுங்க. என் ஓட்டு ரெடியா இருக்குது.”

வசந்தி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். “நீங்க சும்மா இருங்கப்பா. உங்க ஓட்டு தொட்டி மாறி விழுந்ததாலதான் நான் இவருகிட்ட மாட்டிக்கிட்டேன்.”