நீதான் சார் வரிசை

தூக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று பதினாலு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். நான் ஒரு முட்டாள். இதை எழுதும்போது என் மனைவி செல்வி பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறாள். "மொத வரியிலயே ஒத்துக்கினீங்களே, அது போதும்" என்கிறாள். போதாது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. வீடு ஆந்திராவில், சித்தூர் பக்கம் புத்தூரில். செல்வி அங்கன்வாடி டீச்சர். பதினெட்டு வருடமாக தினமும் மதியம் இருபது குழந்தைகளைத் தூங்க வைத்து எழுப்புகிறாள். ஆனால் வீட்டில் தூக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நான்தான் பேசுவேன். அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என் தங்கை மலர் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் மகள் ஹாசினிக்கு எட்டு வயது. இரண்டு வருடம் முன்பு வந்தபோது அவர்களை சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பெரிய ரோலர் கோஸ்டர். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று மேலே போனால் ஒருத்தன் அளவுக் கம்பை வைத்துப் பார்த்து, "பாப்பா ரெண்டு வெரல் கம்மி, போகக் கூடாது" என்றான். நான் அவனிடம் சத்தம் போட்டேன். (என்ன பிரயோசனம்? கத்தினால் குழந்தை வளருமா?) ஹாசினி அழுதுகொண்டே இறங்கினாள். அன்றைக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: "நீ வளந்துட்டு வா. மாமா பக்கத்துல உக்காந்து கூட்டினு போறேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ காலில் சுவரில் போட்ட பென்சில் கோட்டைக் காட்டுவாள். "மாமா, லுக், இன்னும் கொஞ்சம் வந்துட்டேன்!" போன வருடம் கோடு அந்த அளவைத் தாண்டிவிட்டது. டிசம்பருக்கு டிக்கெட் போட்டார்கள்.

புத்தூரில் ஆறு நாள்தான். பிறகு கோயம்புத்தூரில் மலரின் மாமியார் வீடு, அங்கிருந்தே அமெரிக்கா. எனக்கு வார லீவு விழுந்தது ஐந்தாவது நாள். அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. சின்னப் பிள்ளை ஏறினால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். மலருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதால் அவள் ஏறக் கூடாது. செல்வியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். திருமலை ஏறும் பஸ்ஸில் முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடுகிறவள், கீழே இறங்கித்தான் திறப்பாள். ஆக, நான்தான்.

வந்த அன்று மலர், "அண்ணா, இவளுக்கு ஜெட் லாக், ஒரு வாரம் அப்படித்தான் இருப்பா" என்றாள்.

"எங்க கம்பெனில முன்னூறு பேருக்கு வாரா வாரம் ஜெட் லாக்தான், ஏரோபிளேன் இல்லாமலே. பகல்ல தூங்க வுடாம பாத்துக்கினா ஒரே நாள்ல சரியாப் பூடும்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது: முதல் நாள் மார்க்கெட்டுக்கு நடக்க வைத்துக் கூட்டிப் போனேன். தக்காளிக் கடையில் நின்றபடியே தூங்கினாள். இரண்டாம் நாள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்து "தேங்க்யூ மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினாள். மூன்றாம் நாள் இட்லித் தட்டில் முகம் வைத்துத் தூங்கினாள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, எல்லா விளக்கையும் போட்டு, பாட்டுப் பாடினாள்.

இதற்கிடையில் செல்வி தினமும் கிழிக்கும் காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். பால் கணக்கு என்று நினைத்தேன்.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை உதித்தது. குழந்தைதான் ஒரு மணிக்கே எழுந்துவிடுகிறதே, இரண்டரைக்குக் கிளம்பினால் என்ன? ஐந்து மணிக்கு கேட்டில் நிற்கலாம். இதை நீங்கள் சிரிக்காமல் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு, உருப்படியான எந்தக் கதவும் விடியலுக்கு முன் போய் நிற்கிறவனுக்குத்தான் திறக்கும். திருமலையில் அப்படி. புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியத்துக்கும் அப்படி, கை ஒடிந்தவன்கூட வெயில் ஏறுவதற்குள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவான். எங்கள் நைனா ரேஷன் கடைக்கே பாயோடு போனவர்.

"எத்தினி மணிக்குத் தொறப்பாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள் செல்வி.

"தொறக்கும்போது நாம அங்க இருக்கணும். அவ்ளோதான்."

"பாப்பா எட்டரைக்கெல்லாம் சாஞ்சுடுவா. ஒம்போதுக்கு மேல கெளம்பினா கார்லயே தூங்கினு வருவா..."

"தூக்கத்தப் பத்தி எனக்கு நீ சொல்லாத."

அவள் புளியோதரை கிளற உள்ளே போனாள். நான் அன்று காலைதான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தேன். பகலில் தூங்கவில்லை. பாய், தண்ணீர்க் கேன், பிளாஸ்க் எல்லாம் யார் எடுத்து வைப்பது?

வாடகைக் கார் டிரைவர் இரண்டரை மணிக்கு வந்து பாயைப் பார்த்தார். "ஏமண்ணா, ராட்டினத்துக்கு கூடா அபிஷேகம் உந்தா?" என்றார். ராட்டினத்துக்கும் அபிஷேகம் நடக்குமா என்று கேட்கிறார். வண்டியைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். பனியில் கேட்டே சரியாகத் தெரியவில்லை. காதில் மப்ளர் சுற்றிய வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இன்னா சார், வண்டி பிரேக்டவுனா?"

"இல்ல. பார்க்குக்கு வந்திருக்கோம்."

"பார்க்கு பத்தரைக்கு சார்."

"பரவால்ல. வரிசை எங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வரிசையா? நீதான் சார் வரிசை."

மலர் காருக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பின்வாங்கினால் மானம் போய்விடும். கேட் கம்பியை ஒட்டி, நட்ட நடுவில் பாயை விரித்து உட்கார்ந்தேன். முதல் ஆள்!

ஹாசினி ஆறு மணிக்குப் புளியோதரை தின்றாள். ஏழு மணிக்கு வாட்ச்மேனுக்கு இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எட்டேகாலுக்கு அவள் பேச்சு குழற ஆரம்பித்தது. நான் அவளைக் குதிக்க வைத்தேன். கூடவே நானும் குதித்தேன். சரியாக எட்டரைக்கு, குதித்துக்கொண்டிருந்தவள் என் தோளில் சாய்ந்தாள். அவ்வளவுதான். கன்னத்தைத் தட்டினேன், காதில் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. செல்வி வந்து அவளை வாங்கிக்கொண்டு போய்க் காரில் படுக்க வைத்தாள்.

"நான் எடத்தப் புடிச்சுனு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கால் நீட்டலாம் என்று பாயில் சாய்ந்தேன்.

இதற்கு மேல் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சொன்னதையும், மலர் எடுத்த வீடியோவில் இருப்பதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். இவர்கள் எங்கள் சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகள். வரிசையில் ஒருவன் படுத்திருந்தால் அது அவன் இடம் என்று தெரிந்தவர்கள். ஒழுங்காக என் காலுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்ற குடும்பங்கள். பத்தரைக்கு கேட் திறந்தது. வரிசை நகரவில்லை. வரிசையின் தலை வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் ஒருவர் குனிந்து, "சார், லேவண்டி சார், கேட்டு தீசினாரு" என்று, கேட் திறந்துவிட்டது எழுந்திருங்கள் என்று தெலுங்கில் கெஞ்சுகிறார். பின்னால் இருநூறு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் வாட்ச்மேனும் எங்கள் டிரைவரும் வேறு இரண்டு பேரும் பாயின் நான்கு மூலையைப் பிடித்து என்னை அப்படியே தூக்கி, ஓரமாக ஒரு வேப்ப மரத்தடியில் இறக்குகிறார்கள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். நான் தூக்கத்திலேயே, கம்பெனியில் இருக்கிற நினைப்பில், "லைன் ஓடிக்கினு கீது, நிறுத்தாத" என்று உத்தரவு போடுகிறேன்.

இப்போது செல்வி செய்ததைச் சொல்கிறேன்.

அவள் முந்தின நாளே பார்க்குக்கு போன் செய்து எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். (எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "கேக்கற மூஞ்சியா அது?" என்றாள்.) கடைசி டிக்கெட் மூன்று மணிக்கு, ரோலர் கோஸ்டர் ஐந்தரை வரை. ஹாசினியை எழுப்பவே அவள் நினைக்கவில்லை. காரை நிழலுக்கு மாற்றச் சொன்னாள். கூட்டம் குறைந்ததும் டிக்கெட் கவுன்ட்டர் பெண்ணிடம் போய்ப் பேசி, அவளைக் காருக்கே கூட்டி வந்துவிட்டாள். தூங்குகிற குழந்தையின் கையில் காகிதப் பட்டையைக் கட்ட வைத்தாள். மரத்தடியில் கிடந்த என் கையிலும் ஒன்று. பிறகு, அளவுக் கம்பைக் கேட்டாள்.

"படுக்க வச்சு அளந்தா செல்லாதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

"செல்லாட்டி போவட்டும்மா. சாயங்காலம் நின்னு காட்டுவா. பத்தலன்னா இப்பவே எனக்குத் தெரியணும். இன்னொரு வாட்டி அந்தப் படிமேல ஏத்தி அழ வைக்க மாட்டேன்."

அளந்தார்கள். ஒரு விரல் அதிகமாகவே இருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு செல்வி பாலைப் பிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் ஊற்றினாளாம். மலர், "அவ இன்னும் எழுந்துக்கலியே அண்ணி?" என்று கேட்டிருக்கிறாள். "எழுந்துப்பா." நாலு மணிக்கு ஹாசினி கண்ணைத் திறந்து, "ஆர் வி தேர்?" என்றாள். காலண்டர் தாளில் இருந்தது பால் கணக்கு இல்லை. வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை எப்போது விழுந்தாள், எப்போது எழுந்தாள் என்று ஒவ்வொரு நாளும் குறித்திருந்தாள். நான்கு நாளும் நாலு மணி. நான் மூன்று நாள் கத்தினேன். அவள் நான்கு நாள் பார்த்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பள்ளி பஸ்கள் கிளம்பிவிட்டன. கோஸ்டரில் பாதி இருக்கை காலி. என்னை எழுப்ப வந்தார்கள். உலுக்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், டிரைவர் காதருகில் ஹாரன் அடித்தார். நான் "ஷிஃப்ட் முடியல" என்று புரண்டு படுத்தேன். ஹாசினி என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா ப்ராமிஸ் பண்ணாரு" என்று மட்டும் சொன்னாளாம். அழவில்லையாம். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

செல்வி கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மலர் கையில் கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். "வாம்மா, அத்தை வரேன்."

வீடியோவின் கடைசிப் பகுதி அதுதான். திருமலை பஸ்ஸில் கண்ணைத் திறக்காத பெண், அந்த உயரத்திலிருந்து கண்ணை அகல விரித்து விழுகிறாள். இரண்டு கையும் ஹாசினியின் கையைப் பிடித்திருக்கின்றன. வாய் மட்டும் "கோவிந்தா! கோவிந்தா!" என்கிறது. மூன்று தடவை போனார்கள். மூன்றாவது தடவை கேட்டது செல்விதான்.

ஐந்தே முக்காலுக்கு நானாகவே எழுந்தேன். கையில் பட்டை, சட்டை ஈரம், தலைக்கு மேல் வேப்ப மரம். எழுந்ததும் முதலில் என்ன செய்தேன்? "ஏன் எழுப்பல?" என்று கத்தினேன். மலர் போனை நீட்டினாள். ஹாசினி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, அத்தை கண்ண மூடவே இல்ல!" என்றாள். செல்வி தலைமுடி கலைந்து, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "பசிக்குதா? புளியோதரை கொஞ்சம் கீது" என்றாள். அதை வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

அந்த வீடியோ எங்கள் குடும்பத்தில் பார்க்காத ஆள் இல்லை. நகரியில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சீக்கிரம் போனேன். வாசலில் எனக்கென்று ஒரு பாய் விரித்து வைத்திருந்தார்கள். "வரிசை வந்துட்டாரு, இனி கதவத் தொறங்க" என்கிறார்கள். கோபம் வரத்தான் செய்கிறது. போய் அந்தப் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாசினி பேசினாள். இந்த டிசம்பரும் வருகிறார்கள். எனக்காக இன்னொரு தடவை கோஸ்டர் போகலாம் என்கிறாள், "திஸ் டைம் வித் யூ, மாமா." நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே செல்வியைக் கேட்டேன், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று.

"வந்து நாலு நாள் ஆவட்டும். பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

நாற்பத்தாறு வருடத்தில் எதைப் பற்றியும் ஒரு தடவைகூட நான் இப்படிச் சொன்னதில்லை.